சத்திரம் ஒண்ணு

கண்டக்டர் இன்னும் முன்பக்கம்தான் நிற்கிறார். டிரைவருக்குப் பின்னால் ஒரு பூக்காரம்மா கூடையை எங்கே வைப்பது என்று அவரோடு மல்லுக்கு நிற்கிறாள், அது தீர்ந்து, நடுவில் இருக்கிற நாலைந்து வரிசையைக் கடந்து அவர் எங்களிடம் வருவதற்குள் பஸ் மாம்பழச்சாலையைத் தாண்டிவிடும். அதுவரைக்கும் எனக்கு வாய் உண்டு. அவர் வந்து நின்றபிறகு நான் வாயைத் திறக்கக் கூடாது. திறக்க மாட்டேன் என்று பேச்சுப் பயிற்சி டீச்சரிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இவர், என் வீட்டுக்காரர்தான் டிக்கெட் கேட்க வேண்டும், இந்த வாரத்து வீட்டுப்பாடம் அதுதான். சத்திரம் ஒண்ணு. இரண்டே வார்த்தை. ஏழு நாளாகக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, தொண்டையில் கை வைத்து, ச, சத், சத்தி என்று பழகியாகிவிட்டது, நேற்று சாயங்காலம் மூன்று தடவை முழுசாக வந்தது, நாலாவது தடவை பாதியில் நின்றுவிட்டது, நின்றதும் என்னைப் பார்த்தார், நான் சட்டென்று அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் எழுந்துவிட்டேன். எனக்கு டிக்கெட் கேட்கிற வேலையே இல்லை. இந்த டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, முகத்தைப் பார்த்ததும் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆக இந்தச் சீட்டில் பேசியாக வேண்டிய ஆள் இவர் ஒருத்தர்தான். அதனால்தான் டீச்சர், ஆட்டோ வேண்டாம், சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பஸ்ஸில் வாங்க என்றாள். திருவானைக்கோவிலில் ஏறியதும் வலது பக்கச் சீட்டாகப் பார்த்து நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, இவரை நடைவழிப் பக்கம் உட்காரவைத்தேன். இவருக்கு வலது கை விழுந்துவிட்டது. நடைவழிப் பக்கம் இருக்கிற இடது கையில் பத்து ரூபாய்த் தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டிருக்கிறார். தாள் வியர்வையில் நனைந்திருக்கும். உதடு அசைகிறது. சொல்லிப் பார்க்கிறார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறேன், பார்க்கிற மாதிரி இருக்கிறேன், காதெல்லாம் இந்தப் பக்கம்தான்.

முப்பது வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவர். அருணகிரி சார் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இன்றைக்கும் முதுகை நிமிர்த்துவார்கள். மைக் இல்லாமல் அறுநூறு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்த குரல். மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்து 'டேய், மூணாவது வரிசை, கைய இறக்குடா' என்றால் மூன்றாவது வரிசையில் தப்பு பண்ணாதவன்கூடக் கையை இறக்குவான். அந்தக் குரல் வீட்டிலும் அப்படியேதான் இருந்தது, கோபம் கிடையாது, சத்தம்தான், சாம்பாரில் உப்பு இல்லை என்பதைத் தெருவே கேட்கும். நான் அதற்கு நேர் எதிர். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூட ஆய்வாளர் வந்து என் பேரைக் கேட்டபோது பேர் மறந்துபோன ஆள் நான். செண்பகவல்லி என்கிற பேர் நீளமாக இருந்ததால் மறக்கவில்லை, அவர் என்னைக் கேட்டார் என்பதாலேயே மறந்தது. கல்யாணமாகி முதல் மாதம் ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணி கேட்கப் போய் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன், கடைக்காரப் பையன்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்தார்கள், அப்போது இவர் உள்ளே வந்து ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது, 'அவங்களுக்கு அந்த மாம்பழக் கலரு, ஒண்ணேகால் மீட்டர்' என்றார். எனக்கு வேண்டியது ஊதா. ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு அழுகை வரும்போல இருந்தது, நன்றியில். பொய் சொல்லவில்லை, நன்றியில்தான். அன்றைக்கு ஆரம்பித்தது. அப்புறம் யார் எது கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான். கேஸ்காரன் வந்து எத்தனை மணிக்கு வரட்டும் என்றால், அவரைக் கேளுங்க. மகளுடைய கிளாஸ் டீச்சர், டூருக்கு அனுப்புறீங்களாம்மா என்றால், அவரைக் கேளுங்க. ஒருமுறை கல்யாண வீட்டில் ஒரு பெரியம்மா உனக்கு எத்தனை வயசு ஆகுது என்று கேட்டதற்கும் அவரைக் கேளுங்க என்று சொல்லிவிட்டேன், அதை வைத்து அந்தக் குடும்பமே இரண்டு வருஷம் சிரித்தது. ஓட்டலுக்குப் போனால் சர்வர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத்தான் கேட்பான், இவர் சொல்லுவார், எனக்கு பூரி, அவங்களுக்கு இட்லி. இருபத்தொன்பது வருஷம் இட்லி. எனக்கு இட்லி பிடிக்காது என்று யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன், கேட்டால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன், அவரைக் கேளுங்க என்றுதான் சொல்லியிருப்பேன்.

பூக்காரம்மா ஜெயித்துவிட்டாள். கூடை இன்ஜின் மேலேயே ஏறிவிட்டது, பஸ் முழுக்க மல்லி வாசனை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்புகிறார். விசில் சத்தத்துக்கு இவர் முதுகு தானாக நிமிர்ந்ததைப் பார்த்தேன். ஏழு மாதத்துக்கு முன்னால் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு சரிந்தார், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்னிடம் ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். எத்தனை மணிக்கு நடந்தது, சுகர் உண்டா, என்ன மாத்திரை, இன்சூரன்ஸ் இருக்கா, கையெழுத்துப் போடுவது யார். நான் திரும்பி இவரைப் பார்த்தேன். பழக்கதோஷம். இவர் ஸ்ட்ரெச்சரில் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடக்கிறார், நான் அவரைக் கேளுங்க என்று சொல்லப் போனேன். சொல்லியிருப்பேன், அதற்குள் ஒரு நர்ஸ் 'அம்மா, சீக்கிரம்' என்று ஒரு அதட்டல் போட்டாள். அதற்கப்புறம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, பேசினேன். பயந்து பயந்து ஆரம்பித்தேன். பேங்கில் இவருடைய பென்ஷன் விஷயமாக மூன்று தடவை அலையவிட்ட ஆபீசரிடம் நாலாவது தடவை, 'நீங்க எழுதித் தாங்க சார், எந்த பேப்பர் இல்லன்னு எழுதித் தாங்க' என்றேன், அவர் எழுதித் தராமல் வேலையை முடித்துத் தந்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா என்றால் இல்லை. சிரித்தேன். அப்புறம் ருசி கண்டுவிட்டது. சொத்தைக் கத்திரிக்காயைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காலையில் ஆற்றங்கரையில் நடக்கிற பெண்களிடம் நானாகவே போய், நானும் வரலாமா என்று கேட்டேன். தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டதற்குக் கூட்டம் போட்டபோது மைக்கை யாரோ என் கையில் திணித்தார்கள், என் குரல் ஸ்பீக்கர் வழியாகத் திரும்பி எனக்கே கேட்டது, இது யார் பேசுவது என்று ஒரு கணம் திகைத்துப்போய் அப்புறம் பேசினேன், கைதட்டினார்கள். மகள் புனேயில் இருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, 'அம்மா, நீ எவ்ளோ மாறிட்டம்மா, சூப்பர்மா' என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். இவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா விழுந்ததும் அம்மா எழுந்துவிட்டாள் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் பார்த்தால் அதுதானே.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இந்த ஏழு மாதத்தைப் போல நான் என் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்ததில்லை. மலம் அள்ளியிருக்கிறேன், தூக்கம் கெட்டிருக்கிறேன், முதுகு ஒடிந்திருக்கிறது, அதெல்லாம் உண்மை. ஆனால் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு கைப்பையைத் தோளில் மாட்டி வெளிக்கதவைச் சாத்துகிற நேரத்தில் வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு வரும், இன்றைக்கு யாரிடம் என்ன பேசப் போகிறோமோ என்று, அது கல்யாணத்தன்றுகூட எனக்கு வந்ததில்லை. இதை நினைத்தபடியே கையைக் கழுவுவேன், சும்மாவே கழுவுவேன்.

போன மாதம் முதல் தடவை பேச்சுப் பயிற்சிக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஃபர்ஹானா என்று ஒரு சின்னப் பெண், என் மகளைவிட இளையவள், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இவர் கண்ணை நேராகப் பார்த்து, 'சார், உங்க பேர் என்ன' என்றாள். நான், 'அருணகிரி, டீச்சர்' என்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. 'என்ன வேலை பார்த்தீங்க சார்?' 'பி.டி. மாஸ்டர், முப்பது வருஷம்.' 'காலையில என்ன சாப்ட்டீங்க?' 'கோதுமைக் கஞ்சி' என்றேன். அப்போதுதான் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. 'நான் அவரைக் கேட்டேன்மா' என்றாள். 'அவருக்கு வார்த்தை உள்ள இருக்கு. வர்றதுக்கு நேரம் ஆகும். நீங்க கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. நீங்க எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அவரு தேடுறதையே விட்ருவாரு.' சரி டீச்சர் என்றேன். இவரைப் பார்த்தேன். இவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி அவருக்குப் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. ஏழு மாதமாகக் காலையில் கஞ்சிதான் கொடுக்கிறேன், கேட்டதில்லை. மாம்பழக் கலர் ரவிக்கை ஞாபகத்துக்கு வந்தது, வந்த வேகத்தில் தள்ளிவிட்டேன். அன்றைக்கிலிருந்து எண்ணுகிறேன். நாலுக்கு மேல் போவதில்லை. அவர் உதட்டைக் குவித்து, கழுத்து நரம்பு புடைக்க ஏதோ ஒன்றை இழுத்துக்கொண்டு வருவார், ஒன்று, இரண்டு, மூன்று, 'தண்ணியா?' தலையை ஆட்டிவிடுவார். தண்ணீரா, வேறு எதுவோ, யாருக்குத் தெரியும், களைத்துப்போய் ஆட்டிவிடுவார். பாவம், கஷ்டப்படுகிறாரே என்றுதான் எடுத்துக் கொடுக்கிறேன் என்று பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவளும் ஆமாக்கா என்றாள். பாவம் பார்த்துத்தானா? நாலாவது எண்ணிக்கையில் எனக்கு வருவது பாவம்தானா?

மாம்பழச்சாலை சிக்னல். பஸ் நின்றுவிட்டது. நின்றால் கண்டக்டருக்கு நல்லது, வேகமாக வருவார். நாலு வரிசை முன்னால் இருக்கிறார். ஒரு காலேஜ் பையன் பாஸ் காட்டுகிறான், இரண்டு பெண்களுக்கு இலவசச் சீட்டு, ஒரு சொல்லும் இல்லாமல் கிழித்து நீட்டுகிறார், இந்த வேகத்தில் பாலத்தில் ஏறும்போது எங்களிடம் வந்துவிடுவார். இவர் உதடு நின்றுவிட்டது. பதற்றத்தில் மறந்துவிட்டாரோ. ஞாபகப்படுத்தலாமா, காதில் ச என்று மட்டும், ஒரே எழுத்து, அது எடுத்துக் கொடுத்ததாகுமா? ஆகும். பேசாமல் இரு. செண்பகம், பேசாமல் இரு. வாயை மூடிக்கொண்டு இருப்பது உனக்குப் புதுசா, அதில் நீ டிகிரி வாங்கினவள் ஆச்சே. இப்போது மட்டும் ஏன் இப்படித் தவிக்கிறாய்? ஏன் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இந்தப் பஸ் ஏறியதிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன், பக்கத்தில் போய்விட்டுத் திரும்பிவிடுகிறேன். இவருக்கு இன்றைக்கு அந்த இரண்டு வார்த்தை வந்துவிட்டால் நாளைக்கு நாலு வரும். அப்புறம் இருபது. ஒரு வருஷத்தில் பழைய குரல் வந்துவிடலாம் என்று டீச்சரே சொன்னாள். வந்ததும் நான் என்ன ஆவேன்? பேங்கில் இவர் பேசுவார். மைக்கை இவர் வாங்கிக்கொள்வார். அவங்களுக்கு இட்லி. எனக்குக் கிடைத்த வாய் கிடைத்த மாதிரியே போய்விடும் என்கிற பயம். அந்தப் பயத்தில்தான் நாலோடு நிறுத்துகிறேன். வார்த்தை வந்துவிடக் கூடாது என்று, ஐந்தில், ஆறில் எங்கே வந்துவிடப் போகிறதோ என்று, நான் முந்திக்கொள்கிறேன். நினைத்துவிட்டேன். நினைத்தே விட்டேன். கட்டின புருஷனுக்குப் பேச்சு வரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறவள் பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தப் புதன்கிழமையைவிட இது மோசமா? புதன்கிழமை மோசம். நான் வெளியே போனால் இவருக்குத் துணைக்கு உட்காருகிற ஸ்டெல்லா அன்றைக்கு அவள் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள், மாத்திரை தீர்ந்துவிட்டது, இவரை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீரும் மணியும் பக்கத்தில் வைத்து, 'இருபது நிமிஷத்துல வந்துர்றேங்க' என்று சொல்லி வெளியே பூட்டிக்கொண்டு போனேன். மருந்துக்கடையில் ஈ காக்காய் இல்லை. ஐந்து நிமிஷத்தில் மாத்திரை கைக்கு வந்தது. எதிரே ஓட்டல். பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற ஓட்டல்தான். ரோட்டைத் தாண்டினேன், ஏன் தாண்டினேன் என்று கேட்டால் ஒன்றும் இல்லை, கால் தாண்டியது. ஒரு மேஜையில் போய்த் தனியாக உட்கார்ந்தேன். ஐம்பத்திரண்டு வயசில் முதல் தடவையாக ஓட்டலில் தனியாக. சர்வர் வந்து எதிர் நாற்காலியைப் பார்த்துவிட்டு, 'கூட யாரும் வர்றாங்களாம்மா' என்றான். 'இல்லப்பா, நான் மட்டும்தான்' என்றேன். அதைச் சொல்லும்போது முதுகுத்தண்டில் ஜிவ்வென்று ஏறியது. 'வெங்காய ரவா. நல்லா முறுகலா. சட்னி ரெண்டு தடவை வையி.' வந்தது, சாப்பிட்டேன், ஒவ்வொரு துண்டாக, அவசரமே இல்லாமல். எதிரே ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தாள், மணப்பாறையில் இருந்து வந்தவள், அவளிடம் நானே பேச்சுக் கொடுத்தேன், மருமகளைப் பற்றி ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம், பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டுமே. காபியும் குடித்தேன். மணி பார்த்தபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது.

கதவைத் திறந்தேன். நாற்காலி காலி. குளியலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார், சுவரில் சாய்ந்து, வேட்டி நனைந்து, ஒரு செருப்பு ஒரு பக்கம். மணி நாற்காலிக்குக் கீழே உருண்டு கிடந்தது. எவ்வளவு நேரமாக அப்படி? கத்தியிருப்பார். கத்த முயற்சி பண்ணியிருப்பார், அறுநூறு பேரை நிறுத்தின மனுஷன் ஒரு பக்கத்து வீட்டைக் கூப்பிட முடியாமல். என்னைப் பார்த்ததும் முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் பரவாயில்லை. சிறுபிள்ளை மாதிரி ஒரு நிம்மதிதான் தெரிந்தது. நான் என்ன சொன்னேன்? பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை, முதலில் வாய்தான் பேசியது, புதுசாகக் கிடைத்த வாய், 'மருந்துக்கடையில ஏகப்பட்ட கூட்டங்க, வரிசை ரோடு வரைக்கும் நிக்குது' என்று சரளமாகப் பேசியது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். என் விரல் இவர் முகத்துக்குப் பக்கத்தில். சாம்பார் வாசனை அடிக்கும், வெங்காயம் அடிக்கும், எனக்கே அடித்தது. இவர் மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. துடைத்து வேட்டி மாற்றிவிட்டுப் பின்பக்கம் போய் அழுதேன். ஆனால் அதுவும் முழுக்கதை இல்லை. அடுத்த புதன்கிழமை ஸ்டெல்லாவை உட்காரவைத்துவிட்டு மறுபடியும் போனேன். அதற்கடுத்த புதனும். அந்தச் சர்வர் இப்போது என்னைப் பார்த்தால் கேட்பதில்லை, வெங்காய ரவாதானேம்மா என்கிறான். திரும்பி வந்ததும் இவரிடம் வரிசை என்று சொல்லுவேன். ஒவ்வொரு தடவையும் இவர் தலையாட்டுவார்.

பாலம். காற்று முகத்தில் அடிக்கிறது. காவிரியில் தண்ணீர் வந்திருக்கிறது, கரை தொட்டுப் போகிறது, இவரிடம் காட்டலாம் என்று திரும்பினேன், இவருக்குப் பின்னால் காக்கிச் சட்டை நிற்கிறது. கண்டக்டர் முதலில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே ஒரு இலவசச் சீட்டைக் கிழித்தார், இவர் தோளுக்கு மேலாக நீட்டினார். வாங்கிக்கொண்டேன். 'சார் எங்க?' என்றார்.

இவர் வாயைத் திறந்தார். ஒன்று. இடது கை பத்து ரூபாயை நீட்டுகிறது. இரண்டு. சத்தம் இல்லை, உதடு மட்டும் ச-வுக்குத் திறந்து நிற்கிறது. மூன்று. கண்டக்டர், 'சார், எங்க போகணும்?' என்று கொஞ்சம் சத்தமாகக் கேட்டார், காது கேட்காது என்று நினைத்துக்கொண்டார். நாலு. என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, சத்திரம் ஒண்ணு, ரெடியாக நிற்கிறது, நான் விட்டால் ஒரு நொடி வேலை, எல்லோருக்கும் நிம்மதி. நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டேன். ஐந்து. பின்சீட்டில் ஒருத்தன், 'அண்ணே, எனக்குக் குடுத்துட்டுப் போங்கண்ணே' என்றான். இவர் காது மடல் சிவந்துவிட்டது. ஆறு. கண்டக்டருக்கு இப்போது புரிந்துவிட்டது, விழுந்த கையைப் பார்த்தார், கோணின உதட்டைப் பார்த்தார், குரலை இறக்கி என் பக்கம் குனிந்தார். 'நீங்க சொல்லுங்கம்மா. சத்திரமா?'

பஸ்ஸில் பாதிப் பேர் என்னைப் பார்க்கிறார்கள். இந்த ஏழு மாதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போன விஷயம், நாலு பேர் என் வாயைப் பார்ப்பது. நான் சொன்னேன், 'அவரைக் கேளுங்க.'

கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார். என்ன பொம்பளை இவள் என்றிருக்கும். ஏழு, எட்டு. இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பது. 'ச' என்றார். 'சத்.' பத்து. எண்ணிக்கை தீர்ந்துவிட்டது, இதற்கு மேல் டீச்சர் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. 'சத்தி... ரம்.' பழைய குரலில் காலே அரைக்கால்தான். ஆனால் இவர் குரல். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, அடுத்த வார்த்தையை இழுத்தார். ஒண்ணு என்பதற்கு உதடு குவிய வேண்டும், தினமும் கண்ணாடியில் பார்த்து எனக்குத் தெரியும். குவியவில்லை. 'ரெ... ரெண்டு' என்றார்.

கண்டக்டர் சிரித்துவிட்டார், நல்ல சிரிப்புதான். 'அம்மாவுக்குக் காசு இல்ல சார். சீட்டு குடுத்துட்டேன். உங்களுக்கு மட்டும் ஒண்ணு போதும்.' இவர் தலையை இல்லை என்று ஆட்டினார். 'ரெண்டு' என்றார் மறுபடியும், இந்தத் தடவை தடங்கல் இல்லாமல். கண்டக்டர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். கண்டக்டர் பத்து ரூபாயை வாங்கிக்கொண்டு ஒரு டிக்கெட் கிழித்து, என் கையில் இருந்த சீட்டையும் வாங்கி அதோடு சேர்த்து, 'இந்தாங்க சார், சத்திரம் ரெண்டு' என்று இவர் கையில் வைத்து மீதிச் சில்லறையும் வைத்துவிட்டுப் பின்னால் போய்விட்டார். இவர் இரண்டு சீட்டையும் இடது கையாலேயே தடவித் தடவிச் சட்டைப் பைக்குள் போட்டார். எந்தப் பஸ்ஸில் போனாலும் என் சீட்டு அந்தப் பையில்தான் இருக்கும். நெற்றியெல்லாம் வியர்வை. ஜெயித்த பிள்ளைகளுக்குக் கோப்பை கொடுத்துவிட்டு நிற்கும்போது இப்படித்தான் மூச்சு வாங்குவார். எனக்குச் சந்தோஷம் வந்தது. முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம்தான், அதை நான் குறித்துக்கொண்டேன். அதன் பின்னாலேயே மற்றதும் வந்தது. எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்குகிற இந்த மனுஷனைத்தான் நான் பூட்டிவிட்டுப் போனேன்.

பாலம் முடிகிறது. இப்போது சொல்லாவிட்டால் சொல்ல மாட்டேன், சத்திரத்தில் இறங்கினால் கூட்டம், ஆட்டோ, டீச்சர். பேங்க் ஆபீசரிடம் பேசினவள் நான், மைக்கில் பேசினவள். இதற்கு மட்டும் குரல் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டது. 'என்னங்க' என்றேன். திரும்பினார். 'அந்தப் புதன்கிழமை, நீங்க விழுந்தீங்கல்ல. மருந்துக்கடையில வரிசையே இல்லைங்க. நான் எதிர் ஓட்டல்ல உக்காந்து சாப்ட்டுக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறமும் போனேன். ஒவ்வொரு புதன்கிழமையும் போறேன்.' சொல்லிவிட்டேன். முன்சீட்டுப் பெண் காதை இந்தப் பக்கம் திருப்பினாள், திருப்பட்டும். இவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஒரு பக்கம் எப்போதும் தெரியாது, இன்னொரு பக்கமும் தெரியவில்லை. வாய் திறந்தது. வார்த்தை தேடுகிறார். என்ன வார்த்தையாக இருக்கும் என்று நூறு யோசனை என் தலைக்குள், திட்டுவதற்கு எத்தனை வார்த்தை உண்டோ அத்தனையும் நானே எடுத்துக் கொடுக்கத் தயார், வாங்கிக்கொண்டு தலையாட்டினால் போதும். கொடுக்கவில்லை. எண்ணினேன். நாலு போனது, பத்து போனது. பஸ் வளைந்தது. பதினாலு, பதினைந்து. பஸ் ஸ்டாண்டுக் கூச்சல் கேட்க ஆரம்பித்துவிட்டது, ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள், இவர் அசையவில்லை, நானும் அசையவில்லை.

'என்ன' என்றார். மூச்சு வாங்கினார். 'என்ன... சாப்ட்ட?'

நான் வாயைத் திறந்தேன். வெங்காய ரவா என்று சொல்ல வேண்டும், இரண்டே வார்த்தை, வரவில்லை. கண்டக்டர் விசிலை ஊதி, சத்திரம், சத்திரம் எல்லாம் இறங்குங்க என்கிறார். இவர் இறங்கப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்காமல், காத்துக்கொண்டிருந்தார்.